சயா கொண்டுவந்த பயின்

என்னோடு படித்த பர்மாத் தோழர்களே, இது உங்களுக்கு. 1963இல் நான் எட்டாம் வகுப்பு. ரங்கூனில் நம் பள்ளிக்கூடத்து மாடி வகுப்பறை, கடைசிக்கு முந்தின பெஞ்சு. விஞ்ஞான வாத்தியாரை ஊர் வழக்கப்படி சயா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து புளியங்கொட்டை அளவில், பாகு நிறத்தில் ஒரு துண்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னடா இது?"

"கண்ணாடி, சயா."

ஒன்றும் சொல்லாமல் தம்ளர் தண்ணீரில் கைநிறைய உப்பைப் போட்டுக் கலக்கினார். உடைந்த வளையல் துண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அந்தத் துண்டு மிதந்தது. துடைத்து இடுப்பு லோஞ்சியில் பரபரவென்று தேய்த்து, காகிதத் துணுக்குகளிடம் கொண்டுபோனார். துள்ளி ஒட்டிக்கொண்டன.

ஸ்காட் மார்க்கெட்டில் வாங்கினாராம். வடக்கே கச்சின் பக்கம் ஹுக்காங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுக்கிற அம்பர், கல்லாய் இறுகிய மரப்பிசின். பர்மாக்காரர்கள் பயின் என்பார்கள். பழந்தமிழிலும் பயின் என்றால் பிசின்தான். இரண்டுக்கும் வேர் ஒன்று என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பாதிப் பாடத்தை அந்தச் சொல்லே நடத்திவிட்டது.

உள்ளே ஒரு பூ. வேப்பம்பூவை விடப் பெரிதில்லை. "பூவா? பூச்சி இருந்தாத்தான் காசு" என்றான் பக்கத்தில் இருந்தவன். அவன் வீட்டில் வியாபாரம். சயா என் கையில் லென்ஸைத் திணித்து எண்ணச் சொன்னார். ஐந்து இதழ் என்றேன்.

"அல்லியா, புல்லியா? உள் இதழா, மொட்டை மூடுகிற வெளி இதழா?"

மணி அடித்துவிட்டது.

படம் வரைந்து வா என்று அன்றிரவு என்னிடமே கொடுத்தனுப்பினார். சுட்ட ஊசியை வைத்தால் அசலில் குங்கிலிய வாசம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வைத்தேன். வாசம் வந்தது, கூடவே ஓரத்தில் கடுகளவு கருப்புப் பொட்டும் வந்தது. மறுநாள் சயா அதைப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். நாலு அடி போட்டிருந்தால் தேவலை.

அப்புறம் 1964, பர்மாவை விட்டுக் கப்பல், ராமநாதபுரம். அந்தக் கதை உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நான் தாவரவியல் படித்து, அதையே முப்பது வருடம் பாடம் நடத்தினேன். தொல்பூக்கள் பற்றி வகுப்பெடுக்கும்போது எங்கள் ஊர்க் கரிமூட்டம் கைகொடுத்தது. மூட்டம் பிரித்தால் கட்டை கரியாகியிருக்கும், ஆனால் பட்டையின் வெடிப்புகூட அப்படியே இருக்கும், இல்லையா? ஸ்வீடனில் சுமார் 8 கோடி ஆண்டுக்கு முந்தைய பூக்கள் அப்படித்தான் காட்டுத்தீயில் கரியாகிப் பிழைத்தன. எல்ஸ் மரி ஃப்ரீஸ் என்ற அம்மையாரும் கூட்டாளியும் 1981இல் அவற்றை உலகுக்குக் காட்டினார்கள். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, எஞ்சிய கரித்தூளில் மகரந்தத்தாளைத் தேடுகிற வேலை. அரிசியில் கல் பொறுக்கப் பழகியவர்களுக்கு வரும்.

பர்மா அம்பருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. 18 குட்டிப் பூக்கள் கொத்தாகச் சிக்கிய ஒரு துண்டில், மகரந்தக் குழாய் சூல்முடிக்குள் இறங்குவதையே 2013இல் பார்த்துவிட்டார்கள். சயா அன்று 5 கோடி வருடம் என்றார், அன்றைய புத்தகக் கணக்கு. சுற்றியிருந்த பாறையின் சிர்கான் என்ற கனிமப் படிகங்களை வைத்து 2012இல் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 9 கோடியே 90 லட்சம் என்று வந்தது. டைனோசர் காலத்துப் பூ!

2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போய்னரும் சேம்பர்ஸும் ட்ரோபிடோகைன் பென்டாப்டெரா என்று பர்மா அம்பரில் கிடைத்த ஒரு பூவை விவரித்தார்கள். 3.4 முதல் 5 மில்லிமீட்டர் அகலம், காற்றாடி போல விரிந்த ஐந்து மடல். படத்தைப் பார்த்ததும் லென்ஸ் பிடித்த கை நினைவு வந்தது. ஐந்தும் புல்லி. அல்லியே கிடையாது.

அதே வருடம் அந்தச் சுரங்கப் பகுதியை ராணுவம் பிடித்தது. இனி அங்கிருந்து வருவதை வாங்கலாமா என்று ஆய்வாளர்களே தயங்குகிறார்கள். நியாயம்தான்.

ஆனால் சயாவின் துண்டு பழையது. கப்பல் நாட்களில் அதை நம் வகுப்பில் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று கேள்வி. சிங்கப்பூரிலோ பர்மா பஜாரிலோ யார் பெட்டியிலாவது இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். கடுகளவு கருப்புப் பொட்டு இருந்தால் அதேதான். தயவுசெய்து பட்டை தீட்டக் கொடுத்துவிடாதீர்கள்.