காலாண்டின் கடைசி வாரம்

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் பிளேசில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், காலாண்டின் கடைசி வாரம் வந்துவிட்டால் வீட்டார் என்னைக் கண்ணால் காண்பதே அரிது. இலக்கை எட்ட முடியாததைவிட, அந்த இலக்கு பாதி வழியில் எவரிடமும் கேளாமல் உயர்த்தப்பட்டதும், நான் மாதக்கணக்கில் பேசிப் பழகிய வாடிக்கையாளரை மேலாளர் ஒரே மின்னஞ்சலில் வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்ததும்தான் என்னை அதிகம் வாட்டின. பொறியாளர்கள் எழுதவே தொடங்காத ஒரு வசதி அடுத்த மாதம் வந்துவிடும் என்று சொல்லச் சொன்னார்கள். நானும் சொன்னேன், நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மிகைநேரச் சம்பளம் உண்டா என்று அக்கா கேட்டார். 2019 ஏப்ரல் முதல் வேலை நியமனச் சட்டம் மேலாளர்களையும் நிர்வாகிகளையும் உள்ளடக்கினாலும், அதன் வேலைநேர விதிகள் என்னைப் போன்ற அலுவலக ஊழியர்களில் மாத அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கே பொருந்தும் என்று விளக்கினேன். அவருக்கு அது நியாயமாகப் படவில்லை.

விலகல் கடிதம் கொடுத்த மாலை, தேக்கா உணவங்காடியில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி ஒலித்தது. அடுத்த காலாண்டுக்கான இலக்கை மேலாளர் எனக்கும் சேர்த்தே அனுப்பியிருந்தார்.