சம்பளச் சீட்டில் இல்லாத பத்தாயிரம்

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு மாதத்தில் ஒரு வாரம்தான் சொந்தம். 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்து வைத்த வருமான வரி) கட்ட வேண்டும். 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது நாம் விற்றதன் ஜிஎஸ்டி கணக்கு. 14-ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் நமக்குப் போட்ட பில்களின் ஜிஎஸ்டி பட்டியல், வந்து விழும், அதை வைத்துக்கொண்டு சப்ளையர்களுக்குப் போன் போட்டு "உங்க பில்லு ஏறலையே" என்று கெஞ்ச வேண்டும். 15-ஆம் தேதி ஊழியர்களின் பிஎஃப் (சேமநிதி), இஎஸ்ஐ (காப்பீடு). 20-ஆம் தேதி 3பி, மாத ஜிஎஸ்டியைக் கட்டி முடிக்கும் படிவம். அதற்கப்புறம் சம்பளப் பட்டியல் தொடங்கும் வரை ஒரு ஆறேழு நாள். நான் வேலை தேடியது முழுக்க அந்த ஆறேழு நாட்களில்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கணக்காளரைத்தான் தேடினார்கள். ஆனாலும் 18-ஆம் தேதி சாயங்காலம் போன் செய்து, "நாளைக்குக் காலையில 11 மணிக்கு வந்துடுங்க" என்பார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன மெஷினிங் கம்பெனி. ஆறு வருடம் அங்கே கணக்கு பார்த்தேன். எம்.காம். படித்திருக்கிறேன், டேலி என்ற கணக்கு மென்பொருள் தண்ணிபட்ட பாடு. வேலை கஷ்டமென்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு என்ற பெயரில் மற்றதெல்லாம் என் மேசைக்கு வந்ததுதான் கஷ்டம். முதலாளி வீட்டு கேஸ் புக்கிங், அவர் மகனின் கல்லூரிக் கட்டணம், அவர் மாமியார் வீட்டு ஈபி பில், எல்லாம் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது போன் வரும்: "அந்த ஐசிஐசிஐ செக்கு பாஸாயிடுச்சா பாரும்மா." பார்த்துச் சொன்னால் "சரி". சொல்ல ஐந்து நிமிடம் தாமதமானால் திங்கட்கிழமை மெஷின் ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

விட்டுவிடலாம் என்று முடிவெடுத்த பிறகு அந்த வேலையைச் செய்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முன்பெல்லாம் திட்டு வாங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் மறந்துபோகும். மனசு வெளியே போனபிறகு ஒவ்வொன்றும் உறைத்தது. வீட்டுக்கு வந்தால் ரெஸ்யூமைத் திறக்கத் தெம்பு இருக்காது. வேலை பிடிக்காததால்தான் வேறு வேலை தேடுகிறோம், அந்தப் பிடிக்காத வேலையே தேடுகிற சக்தியையும் உறிஞ்சிவிடுகிறது. "வேலையில இருந்துக்கிட்டே தேடு, அதுதான் புத்திசாலித்தனம்" என்று எல்லாரும் சொன்னார்கள். வீட்டு வாடகையையும் பையனின் எல்கேஜி கட்டணத்தையும் பார்த்தால் எனக்கும் வேறு வழியில்லை. ஆனால் சொன்னவர்கள் யாரும் அப்படித் தேடிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

முதல் சிக்கல் போன். ஆபீசில் என் மேசையும் முதலாளி அறையும் ஒரு கண்ணாடித் தடுப்பு தூரம். வேலை வாங்கித் தரும் கன்சல்டன்சியிலிருந்து அழைப்பு வந்தால் மாடிப்படிக்கு ஓடுவேன். அங்கே கீழே கம்ப்ரஸர் ஓடும். "கரண்ட் சேலரி எவ்வளவு மேடம்?" என்று அந்தப் பக்கம் கேட்பது பாதிதான் காதில் விழும். நான் கத்திச் சொன்னால் மேலே கேட்டுவிடும், மெதுவாகச் சொன்னால் அவர்களுக்குக் கேட்காது. "என்ன மேடம், ஃபேக்டரிக்குள்ளயா இருக்கீங்க?" ஆமாம், ஃபேக்டரிக்குள்ளதான் இருக்கிறேன்.

இரண்டாவது லீவு. பையன் பள்ளியில் மீட்டிங், இஎஸ்ஐ ஆஸ்பத்திரி, மாமனாருக்குக் கண் பரிசோதனை என்று வரிசையாகச் சொன்னேன். ஒரு கட்டத்தில் முதலாளி, "ஏம்மா, எல்கேஜி பையனுக்கு மாசாமாசம் என்ன மீட்டிங்கு? ஐஏஎஸ்ஸா படிக்கிறான்?" என்றார். சிரித்து வைத்தேன்.

கன்சல்டன்சிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வடபழனியில் ஒரு மாடி அறையில் 1,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்டார்கள், கொடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். கம்பெனியிடம் காசு வாங்குகிறவர்கள் நம்மிடம் கேட்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்று கூப்பிட்டு, போய் உட்கார்ந்ததும் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொன்ன இடங்களும் உண்டு. கிண்டி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நடக்கும் தனியார் துறை முகாமுக்கும் ஒருமுறை போனேன். புதிதாகப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே உதவும், ஒரு பைசா செலவில்லை. என் வயதுக்கும் அனுபவத்துக்கும் அங்கே மேசை குறைவு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னை உண்மையில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டது இதெல்லாம் இல்லை. என் சம்பளச் சீட்டு.

எனக்குச் சம்பளம் 26,000 ரூபாய். ஆனால் காகிதத்தில் 16,000. பேசிக், டிஏ (அகவிலைப்படி) சேர்த்து 15,000, வாடகைப்படி 1,000. அதில் பிஎஃப் 1,800 போகும், இஎஸ்ஐ 120 போகும், வங்கியில் 14,080 ஏறும். மீதி பத்தாயிரம் ஒரு பழுப்புக் கவரில் வரும். கவரின் மூலையில் முதலாளி பென்சிலில் என் இனிஷியல் மட்டும் எழுதியிருப்பார், பெயர் இருக்காது. லேத்திலிருந்து வரும் இரும்புச் சுருளை வாரம் ஒருமுறை ஸ்க்ராப் வியாபாரி எடைபோட்டு எடுத்துப் போவார். அதில் பில் போட்டது கொஞ்சம், போடாதது மீதி. அந்தப் போடாத காசுதான் கவர். சம்பளப் பட்டியலைத் தயார் செய்வது நானே என்பதால் என் சம்பளத்தை நானே மாதாமாதம் 16,000 என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

சேரும்போது "கைக்கு முழுசா வருதே, வரி கிரி எதுவும் இல்ல" என்று சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி எப்படியும் வராது என்பது வேறு விஷயம். பிஎஃப்பிலும் நஷ்டமில்லை, அது 15,000 வரைக்கும்தான் கட்டாயம். இஎஸ்ஐ வரம்பு 21,000. முழுச் சம்பளத்தைக் காட்டியிருந்தால் நான் அதற்குள் வந்திருக்கவே மாட்டேன். எனவே அதிலும் ஒருவகையில் லாபம்தான் என்று நினைத்திருந்தேன். பையன் பிறந்தபோது முதல் அடி விழுந்தது. 26 வாரப் பிரசவ விடுப்புக்கு இஎஸ்ஐ முறையாகப் பணம் போட்டது, காகிதத்தில் இருந்த சம்பளத்துக்கு. கவர் நின்றுபோனது. ஆறு மாதம் பத்தாயிரம் இல்லாமல் குடும்பம் ஓட்டினோம். ஒரு மனைக்காக வங்கிக் கடன் கேட்டபோது மேனேஜர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அது இரண்டாவது.

வேலை தேடியபோது மூன்றாவது. எந்த இடத்திலும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். ஓர் இடத்தில் எல்லாம் நன்றாகப் போய், ஹெச்ஆர் பெண் கால்குலேட்டரைத் தட்டி, "16,000க்கு நாங்க 30 பர்சென்ட் ஹைக் தர்றோம் மேடம், 20,800. எங்க பாலிசில இதுதான் மேக்ஸிமம்" என்றார். எனக்கு ஒரு சலுகை செய்த திருப்தி அந்தப் பெண்ணின் முகத்தில். நான் வாங்குவதைவிட ஐயாயிரத்து இருநூறு குறைவு என்று எப்படிச் சொல்வது? "இன்னொரு பத்தாயிரம் கையில் வருகிறது" என்றால், "ப்ரூஃப் இருக்கா?" என்பார்கள். கறுப்புப் பணத்துக்கு எந்தக் கணக்காளர் ப்ரூஃப் வைத்திருப்பார்? அதுவும் கணக்கு வேலைக்கு வந்தவர் அதை எழுதினவர் தான்தான் என்று சொன்னால் நாளைக்கு நம்புவார்களா? பேசாமல் எழுந்து வந்தேன். அப்புறம் வேறு இரண்டு இடங்களிலும் சொல்லி வைத்த மாதிரி இதேதான்.

நடுவில் இன்னொரு வகைக் கேள்விகள். "குழந்தை சின்னவனா? மாசக் கடைசில லேட்டாகுமே, வீட்ல ஒத்துக்குவாங்களா?" "அடுத்தது பிளான் இருக்கா?" என் கணவர் இன்டர்வியூவுக்குப் போனால் இவற்றில் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு, "மாசக் கடைசில இங்க எத்தனை மணி வரைக்கும் ஆகும் சார்?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினேன். பதில் சொல்கிற விதத்திலேயே அந்த இடம் எப்படி என்று தெரிந்துவிடும். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று இழுத்தால் அங்கே ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும்.

கடைசியில் கிடைத்தது ஈக்காட்டுத்தாங்கல் பக்கம். திருமங்கலத்தில் மெட்ரோ ஏறினால் நேரே போய் இறங்கலாம் என்பதற்காகவே அதற்கு விண்ணப்பித்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. பார்த்தவர் அறுபதை நெருங்கும் ஃபைனான்ஸ் மேனேஜர். ரெஸ்யூமைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு சப்ளையரின் ஸ்டேட்மென்ட்டையும் தங்கள் கம்பெனியின் லெட்ஜரையும் (கணக்கேடு) கொடுத்து, "இது ஒத்துப் போகல, பாரும்மா" என்றார். வித்தியாசம் 270. எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு: வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று முதலில் சந்தேகப்படு. 270 வகுபடும். மேலிருந்து பென்சிலை இறக்கிக்கொண்டே வந்தேன். 14,850 என்ற பில் லெட்ஜரில் 14,580 என்று ஏறியிருந்தது. காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேநீர் சொன்னார்.

"இப்ப இருக்கறது எந்த லைனு?"

"மெஷினிங் சார். ஜாப் ஒர்க்."

"அப்ப ஸ்க்ராப் நிறைய வருமே. அதுக்கு எல்லாத்துக்கும் பில்லு போடுவாங்களா?"

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். "சரி விடுங்க. சீட்டுல 16,000. கவர்ல எவ்வளவு?"

சொன்னேன். முப்பது வருடமாக இதே ஊரில் கணக்குப் பார்த்தவருக்கு இதெல்லாம் புதிதா என்ன? சம்பளச் சீட்டை வைத்துக் கூட்டிக் கழிக்காமல், அந்த வேலைக்கு இவ்வளவு என்று அவரே ஹெச்ஆரிடம் பேசினார். வருடத்துக்கு 4,20,000. மாதம் 35,000 என்று துள்ளிக் குதிக்கக் கூடாது, அது சிடிசி, நமக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதிலிருந்து கம்பெனி பங்கு பிஎஃப் 1,800 போகும், கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு போகும், பிறகு நம் பங்கு பிஎஃப் 1,800 போகும். கைக்கு முப்பதாயிரத்துச் சொச்சம். ஆஃபர் லெட்டரில் எண்ணைப் பார்த்ததும் கையெழுத்துப் போடுகிறவர்கள், தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் இருக்கும் பிரிப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எனக்கு வந்த முதல் மெயிலில் அந்தப் பக்கம் இல்லை, கேட்டபிறகுதான் வந்தது.

ராஜினாமா சொன்ன அன்று முதலாளி கத்தவில்லை. அதுதான் ஆச்சரியம். "என்னம்மா குறை வச்சேன்?" என்றார். மறுநாள் காலையில் கூப்பிட்டு, கவரில் இன்னும் ஐந்தாயிரம் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். கவரில்! "சீட்டுல ஏத்திக் குடுங்க சார், யோசிக்கிறேன்" என்றேன். ஏற்ற மாட்டார் என்று தெரிந்தேதான் கேட்டேன். அதற்குப் பிறகு நோட்டீஸ் மாதம் முழுக்க என்னுடன் நேரடியாகப் பேசவில்லை. சூப்பர்வைசர் அண்ணன்தான் நடுவில் தூது. "அந்தப் புள்ளைகிட்ட ஜாப் ஒர்க் ஃபைல் எங்கனு கேளு." இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரை ஆடிட் முடிந்தபிறகு தருவதாக இழுத்தார். ஒப்படைத்த ஒவ்வொரு ஃபைலுக்கும் பட்டியல் போட்டு, அவர் கையெழுத்தும் வாங்கி, அந்தப் பட்டியலையே மெயிலிலும் அனுப்பினேன். புது இடத்து மேனேஜரிடம் நிலைமையைச் சொன்னதும், ராஜினாமா மெயிலும் கடைசிச் சம்பளச் சீட்டும் போதும் என்றார். எல்லா இடத்திலும் இப்படி விட மாட்டார்கள், முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிஎஃப்பில் வெளியேறிய தேதியைப் போடும் விஷயத்தில் எனக்குப் பயமில்லை. முன்பு விலகிப் போன ஆட்களுக்கு "இரு, அப்புறம் போடலாம்" என்று அவர் சொல்லி, நான் மேசையில் அடுக்கி வைத்த பெயர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கடைசி பிஎஃப் பணம் கட்டி இரண்டு மாதம் ஆனபிறகு நம் யுஏஎன் (நம் பிஎஃப் எண்) கணக்கில் ஆதார் ஓடிபி வைத்து நாமே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம். நிறைய பேருக்கு இது தெரியாமல் பழைய முதலாளி பின்னால் அலைகிறார்கள். நான் போட்டுக்கொண்டு, பழைய பணத்தையும் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். எடுக்கவில்லை. பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் பென்ஷன் என்பதால், பலரும் செய்வதுபோல நடுவில் எடுத்து டிவி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

மிச்சம் இருப்பது கிராஜுவிட்டி. ஐந்து வருடம் தாண்டியதால் கொடுத்தாக வேண்டும், விலகி 30 நாளுக்குள். கடைசி பேசிக்கையும் டிஏவையும் கூட்டி 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். என் காகிதச் சம்பளம் 15,000-க்கு அது 51,923 ரூபாய். 26,000-ஐயும் ஒழுங்காக பேசிக்காகவே கொடுத்திருந்தால் 90,000 வந்திருக்கும். கவருக்குக் கிராஜுவிட்டி கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை, எனவே 51,923-க்குத்தான் கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். 30 நாள் போய்விட்டது, பதில் இல்லை. போன வாரம் பழைய ஆபீஸ் நம்பரிலிருந்து ஓர் அழைப்பு. புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண். "அக்கா, 3பி போடணும், ஜிஎஸ்டி பாஸ்வேர்டு மாத்திட்டீங்களாம்ல, சார் கேக்கச் சொன்னார்." மாற்றவில்லை, பட்டியலில் நான்காவது வரியில் இருக்கிறது என்றேன். அப்படியே, "உனக்குச் சம்பளம் முழுசும் பேங்க்லயா வருது?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடும் சத்தம். "இல்லக்கா, கொஞ்சம் கைல தர்றேன்னாங்க."

எனக்குத் தெரிந்ததையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன், மொத்தமாக இருபது நிமிடம். தொழிலாளர் துறைக்குக் கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி மனுவை 21-ஆம் தேதிக்கு மேல் போய்க் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எனக்கும் 3பி இருக்கிறது.