ஆறு வாரம் என்று சொல்லிவிட்டேன்

அடிபட்டு வரும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை நாள் ஆகும் சார்?" வலிக்கு மருந்து கேட்பவர்கள் குறைவு. 14 வருடமாக வடசென்னையில் ஃபிசியோவாக இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

வியாசர்பாடிப் பையன், 21 வயது, கால்பந்தில் வலது விங்கில், அதாவது கோட்டோரமாக விரட்டி ஓடும் இடத்தில், ஆடுபவன். அந்தப் பக்கத்துக் கால்பந்தைப் பற்றித் தெரியாதவர்கள் ஒரு நாள் சாயங்காலம் முல்லை நகர் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். செருப்பில்லாத பொடியன்கூட இரண்டு பேரைத் தாண்டிவிட்டுத்தான் பந்தைக் கொடுப்பான். இவனும் அப்படி வளர்ந்தவன். ஒரு லீக் ஆட்டத்தில் நீளமாகப் போட்ட பந்தை விரட்டி ஓடியபோது இடது பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்திருக்கிறது. "யார்ரா அடிச்சதுன்னு திரும்பிப் பாத்தேன் ணா. பின்னாடி ஒருத்தருமே இல்ல" என்றான்.

அன்று ராத்திரியே பக்கத்து வீட்டு மாமா ஒருவர் சுளுக்கு என்று நினைத்து, தைலம் போட்டு அழுத்தி உருவி விட்டிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் தசை கிழிந்த முதல் இரண்டு மூன்று நாள் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது உருவினால் கசிவு கூடும். நாலாம் நாள் என்னிடம் வந்தபோது முட்டிக்குப் பின்னால் வரைக்கும் கத்திரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. கூட வந்த அம்மாவுக்கு அந்த நிறத்தைப் பார்த்தே பாதி உயிர் போய்விட்டது. "கீழ வரைக்கும் கிழிஞ்சிடுச்சா சார்?" ரத்தம் தன் கனத்தில் இறங்கி நிற்கிறது, அடி மேலேதான் என்று விளக்கினேன். புத்தூர் கட்டு போடலாமா என்று கேட்டார். அது எலும்புக்கு, இது சதைம்மா என்றேன். சரி என்று தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை.

பையனைக் குப்புறப் படுக்கவைத்தேன். உட்காரும்போது பெஞ்சில் அழுந்துகிற எலும்பு இருக்கிறதே, பின்தொடைத் தசைகள் மூன்றும் அங்கேயிருந்துதான் கிளம்புகின்றன. கட்டைவிரலால் அங்கிருந்து கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ஆள் துள்ளுவான். அது எலும்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். எலும்புக்குக் கிட்டே போகப்போக நாள் கூடும். ஸ்வீடன் நாட்டு ஃபிசியோ கார்ல் ஆஸ்க்லிங் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வேகமாக ஓடும்போது அடிபட்ட ஓட்டக்காரர்களையும், காலை மிதமிஞ்சி நீட்டியபோது அடிபட்ட நடனக்காரர்களையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நடனக்காரர்களுக்கு முதல் நாள் தொந்தரவு குறைவு. பழைய நிலைக்குத் திரும்ப ஆனதோ ஏறக்குறைய 50 வாரம். ஓட்டக்காரர்களுக்கு 16. முதல் நாள் வலியைப் பார்த்து நாள் குறிக்க முடியாது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தும்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

அவனுக்கு நாலு விரற்கடை. "எத்தன நாளு ணா?" என்று கேட்டுவிட்டு அவனே தொடர்ந்தான். ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுக்கிறார்களாம், ஸ்போர்ட்ஸ் கோட்டாவாம், செலக்‌ஷனுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதாம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம்" என்றேன்.

அந்த ஆறு அவன் தொடையிலிருந்து வரவில்லை. ஏழிலிருந்து ஒன்றைக் கழித்தேன், அவ்வளவுதான்.

சொன்ன பிறகு அந்த எண் என் கையில் இல்லை. கோச் போன் செய்து "மூணு வாரம் ஆச்சே, பாதி தேறியிருப்பான் இல்ல?" என்று கேட்டார், ஏதோ தசை தவணை கட்டுகிற மாதிரி. ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் ஒரு தாளின் மூலை மட்டும் மடித்திருந்தது. கேட்கவேண்டிய தேவையே இல்லை. என்ன தேதி என்று எனக்கே தெரிந்தது.

பின்தொடைக் காயத்தின் வம்பே, அது சீக்கிரம் வலிக்காமல் போய்விடும் என்பதுதான். இரண்டாம் வாரம் சாதாரணமாக நடந்தான், நாலாம் வாரம் மெதுவாக ஓடினான். நடப்பதற்கும் மெல்ல ஓடுவதற்கும் இந்தத் தசையிடம் பெரிதாக வேலை வாங்குவதில்லை. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு அதைப் பிடித்து நிறுத்துவது இந்தத் தசைதான். நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். 80 சதவீத வேகம் வரைக்கும் ஓரளவு சமாளித்துவிடும். கடைசி 20 சதவீதத்தில் சுமை சட்டென்று ஏறும். அந்த இடத்துக்குப் போகாதவரை காயம் ஆறிவிட்டதா என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெரிய கிளப்புகளில் தசை பலத்தை அளக்க விலை உயர்ந்த கருவி இருக்கும். என்னிடம் இருப்பது ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு. ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் பட்டை போட்டு மாட்டி, குதிகாலை இழுக்கச் சொல்வேன். ஐந்தாம் வாரக் கடைசியில் இடது கால் வலது காலுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இழுத்தது. சந்தோஷம். அடுத்து செய்யவேண்டியது முழு வேக ஓட்டம், குறைந்தது மூன்று நாள், இடைவெளி விட்டு. அந்த வாரம் பார்த்து மழை. மைதானம் குளம். 90 சதவீதம் வரைக்கும் ஓரிரு முறை ஓடவிட்டதோடு சரி. காலண்டரில் மடித்த தாள் வந்துவிட்டது. "பார்த்து ஆடு" என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் தொழிலில் இதைவிட அர்த்தமில்லாத அறிவுரை கிடையாது. விங்கில் ஆடுகிறவன் எதைப் பார்த்து ஆடுவான்?

செலக்‌ஷன் ஆட்டத்தில் இருபதாவது நிமிடமோ என்னவோ. கோட்டோரமாக ஓடியவன் அப்படியே நின்றான். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் தடவை எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றவன் நான்தான். அவர்களுக்குச் செலவு மிச்சமாகட்டும் என்று. இப்போது எடுத்தோம். தசைக்கு நடுவே ஓடுகிற தசைநாணும் (டெண்டன்) கிழிந்திருந்தது. தசை சீக்கிரம் ஒட்டும். தசைநாணுக்குப் பொறுமை அதிகம். அம்மா ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இதைச் சொன்னால் பசங்க உடனே பிரெஞ்சு ஆட்டக்காரர் டெம்பெலேயை இழுப்பார்கள். 2017 செப்டம்பரில், பார்சிலோனாவில் சேர்ந்த கையோடு பின்தொடைத் தசைநாண் அறுந்து, ஃபின்லாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். 2018 ஜனவரியில் திரும்பி வந்த சில நாளிலேயே மறுபடியும் பின்தொடை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் 2025இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருதை வாங்கினார். நான் பதிலுக்கு இங்கிலாந்து ஆட்டக்காரர் மைக்கேல் ஓவனைச் சொல்வேன். 1999 ஏப்ரலில் லீட்ஸ் அணிக்கு எதிராக 19 வயதில் அடிபட்டவர். அவரும் 2001இல் அதே விருதை வாங்கினார். ஆனால் அந்த அடிக்குப் பிறகு பழைய ஓவனாக ஓடவே இல்லை என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். இரண்டு கதையும் உண்மை. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் எடுத்த கணக்கில், மொத்தக் காயங்களில் பின்தொடைக் காயத்தின் பங்கு 2001-02இல் 12 சதவீதம், 2021-22இல் 24. அத்தனை கருவி வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி என்பதில் கொக்கித் தராசுக்காரனுக்கு ஒரு அற்ப ஆறுதல்.

இரண்டாம் தடவை நாள் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதைச் செய்ய முடிந்தால் அடுத்தது, முடியாவிட்டால் இதுவே. அவனுக்கு எரிச்சல். "அப்போ நான் வீட்ல இன்னா சொல்றது ணா?" என்றான். கோச்சின் போன் நின்றுபோனது. மைதானத்துப் பக்கமே போகாமல் கேரம் கிளப்பில் உட்கார ஆரம்பித்தான். அந்த நாட்களில் நான் பார்த்த வேலையில் பாதி பேச்சு.

மீதிப் பாதியில் முக்கியமானது நார்டிக் பயிற்சி. முட்டி போட்டு நிற்க வேண்டும், கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்பக்கம் சாய வேண்டும். நீண்டுகொண்டே பிரேக் போடும் அதே வேலைதான். வீட்டில் செய்யச் சொன்னேன். முட்டிக்குக் கீழே மடித்த கோணி. கணுக்காலில் ஒன்பது வயசுத் தம்பி. முதல் நாளே அண்ணன் மரம் மாதிரி சாய, தம்பி பின்னால் கவண் கல்லாகக் கிளம்பிச் சுவரில் முட்டிக்கொண்டான். அப்புறம் அம்மாவே உட்கார்ந்தார். நான் ஒரு தடவை பார்த்தேன்: மகனின் கணுக்கால்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து, கண் டிவி சீரியலில், கை கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. வாய் மட்டும் "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று நொடி எண்ணியது. இரண்டு நொடியில் விழுந்தவன் மூன்று மாதத்தில் ஆறு நொடி தாங்கினான்.

தராசு சம்மதித்தது, எம்.ஆர்.ஐ. சுமாராகச் சம்மதித்தது. கால் மட்டும் சம்மதிக்கவில்லை. 30 மீட்டரில் கோன் வைத்து முழு வேகத்தில் ஓடச் சொன்னால், 25ஆவது மீட்டரில் கால் எடுத்துவைக்கிற எட்டு இரண்டு சின்னதாகிவிடும். அவனுக்கே தெரியாது. வீடியோ எடுத்துக் காட்டியபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். ஒரு நாள் மைதானத்தில் கிடைத்த பதினைந்து வயசுப் பையன் ஒருவனைப் பக்கத்தில் ஓடவிட்டேன். முதல் தடவை பொடியன் ஜெயித்தான். ஜெயித்ததோடு நிற்காமல் "அண்ணனுக்கு வயசாய்டுச்சு" என்றான். அடுத்த ஓட்டத்தில் எட்டு சின்னதாகவில்லை.

மொத்தம் 19 வாரம். கடைசியில்தான் கூட்டிப் பார்த்தேன்.

திரும்ப ஆடிய முதல் ஆட்டத்தில் கடைசி 25 நிமிடம் இறக்கினார்கள். கோட்டுக்கு வெளியே அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பந்தைப் பார்க்காமல் அவன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை முழு வேகத்தில் ஓடினான். மூன்று முறையும், கோலுக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் போடவேண்டிய கிராஸை வெளியே அடித்தான். ஆட்டம் முடிந்ததும் கோச் அவனை நிற்கவைத்துக் காட்டுக்கத்தல் கத்தினார்: கண்ணு எங்க இருக்கு, யாருக்குப் போடுற, இதுக்கா உன்ன இறக்குனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். காலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களைப் பார்த்து வந்தபோது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.