பழைய வில்வண்டி வாங்குகிறவர்களுக்கு: முதலில் சக்கரத்தைத் தட்டிப் பாருங்கள்

நேற்றுக் காலை என் வில்வண்டி, அதாவது குலுக்கல் தாங்க இரும்பு வில் வைத்த பழைய மாட்டுவண்டி, விலைபோய் லாரி ஏறிவிட்டது. வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் பதினான்கு மாதம். இதில் இறங்க நினைக்கிறவர்கள் நான் பட்டதைப் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், மாட்டுத் தொழுவத்தில், வைக்கோலுக்கு அடியில் கிடந்தது வண்டி. தேக்குச் சட்டம், இரண்டு பக்கமும் வில், மூங்கில் கூண்டு. பின்படிக்கு மேலே பழைய பஞ்சாயத்துத் தகரவில்லை (வண்டிவரி கட்டியதற்கு அடையாளமான தகடு) ஒன்று ஆணி அடித்தபடியே இருந்தது. அம்மா சின்னப் பிள்ளையில் மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு இப்படி ஒரு வண்டியில்தான் வந்திருக்கிறார். ராத்திரி வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்கிய கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவரை ஒரு தடவை ஏற்றிப் போக வேண்டும், அப்புறம் நன்றாக வைத்துக்கொள்ளும் ஆளிடம் விற்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எனக்கு மாடும் இல்லை, வண்டி நிறுத்த இடமும் இல்லை. அப்பன்திருப்பதிப் பக்கம் மாமா தோட்டத்தில் ஒரு தகரக்கொட்டகை மட்டும் உண்டு.

முப்பத்தெட்டாயிரம் பேசி, பணத்தையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து டாடா ஏஸும் இரண்டு ஆட்களுமாகப் போய் இறங்கினால், தொழுவ வாசலில் விற்றவரின் சித்தப்பா மகன் நிற்கிறார். "இது எங்க தாத்தா வண்டி. எங்களுக்கும் பங்கு இருக்கு. யாரைக் கேட்டு வித்தாரு?" விற்றவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வண்டி வாடகை, ஆள்கூலி எல்லாம் போக வெறுங்கையோடு திரும்பினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து பேசி, மேற்கொண்டு ஆறாயிரம் கொடுத்த பிறகுதான் வண்டியைத் தொட விட்டார்கள்.

மாட்டுவண்டிக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. இன்னாருடையது என்று சொல்ல ஊர் வாய்தான் சாட்சி. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே பங்காளிகள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் கடைசியில் பத்திரத்தாளில் நாலு பேரிடம் வாங்கினேன், வண்டியின் போட்டோவையும் அதிலேயே ஒட்டினேன். அந்தத் தாள் பின்னால் விற்கும்போதும் கைகொடுத்தது.

வில், கூண்டு, பலகை வேலையெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. சக்கரம்தான் என்னைக் கவிழ்த்தது.

வலது சக்கரத்தின் குடம், அதாவது ஆரக்கால்கள் வந்து இறங்கும் நடுக்கட்டை, உளுத்துப் போயிருந்தது. நகரத்துக்குள் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன், பேரைச் சொல்லப் போவதில்லை. சித்திரைக்கு முன்னால் வேண்டும் என்று நான் அவசரப்படுத்தியது உண்மை. "முடிச்சிடலாம் சார், மரம் எல்லாம் நல்ல காய்ஞ்ச மரம்" என்றார். பங்குனியில் பளபளவென்று வந்தது சக்கரம். பதினெட்டாயிரம்.

மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்க்க, மாமா ஊர்க்காரரின் மாட்டு ஜோடியைப் பூட்டிக்கொண்டு மூன்றுமாவடிக்குக் கிளம்பினோம். அம்மா புதுச்சேலை கட்டி, தூக்குவாளியில் புளியோதரையோடு ஏறினார். கடச்சனேந்தல் தாண்டுவதற்குள் வலது பக்கம் கடகடவென்று சத்தம். இறங்கிப் பார்த்தால் ஆரக்கால்கள் குடத்துக்குள் ஆடுகின்றன. கையால் பிடித்து அசைத்தால் அசைகிறது. சக்கரத்தின் மேல் சுற்றியிருக்கும் இரும்புப் பட்டைக்கும், அதற்கு உள்ளே இருக்கும் மரவளையமான வட்டைக்கும் நடுவே விரல்நுனி போகிற அளவுக்கு இடைவெளி. சித்திரை வெயில் மரத்தில் இருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டது. அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நான் வண்டிக்குக் காவலாக ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். அழகர் அந்தப் பக்கமாகத்தான் போனார். கும்பிட்டேன், ஆனால் மனசு அதில் இல்லை.

பட்டறைக்காரர் பணத்தையும் திருப்பவில்லை, வேலையையும் சரிசெய்து தரவில்லை. "நீங்க வெயில்ல ஓட்டினீங்க" என்றார். வண்டியை வேறு எங்கே ஓட்டுவது?

அலங்காநல்லூர்ப் பக்கம் வயதான ஆசாரி ஒருவர் இருப்பதாக மாமா சொன்னார். முதல் தடவை போனபோது அவர் பேத்தி சடங்குக்கு வெளியூர் போயிருந்தார். இரண்டாவது தடவைதான் பார்க்க முடிந்தது. ஆரக்காலை உளிப்பிடியால் ஒரு தட்டு தட்டினார். சொத்தென்று கேட்டது. பிறகு தன் கொட்டகையில் கிடந்த கருவேலங்கட்டை ஒன்றைத் தட்டினார். கணீரென்றது.

"இது பச்சைக் கட்டை தம்பி. சுருங்கத்தான் செய்யும். பட்டையைக் கழட்டுங்க, மொதல்லேர்ந்து பாக்கணும்."

அவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. காயும்போது மரம் நீளவாக்கில் அவ்வளவாகக் குறையாது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். குடத்துக்குள் இறங்கியிருக்கும் ஆரக்காலின் நாக்கு அப்போது மெலிந்துவிடும். எவ்வளவு இறுக்கி அடித்திருந்தாலும் துளைக்குள் ஆட ஆரம்பிக்கும். வர்ணம் பூசிய சக்கரத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வர்ணம் பூசுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிக் கேளுங்கள். இடைவெளியை மக்கு (அடைக்கும் பசை) வைத்துப் பூசிக் கொடுத்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

புதுக் குடம், பன்னிரண்டு ஆரக்கால், ஆறு வட்டை. ஆவணி வரை ஆனது, முப்பத்திரண்டாயிரம். நான் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

பட்டை கட்டிய அன்று கூடவே இருந்தேன். நாலடி உயரச் சக்கரத்துக்குச் சுற்றளவு பன்னிரண்டரை அடி வரும். பட்டையின் உட்சுற்றை அதைவிட முக்கால் அங்குலம் குறைவாக வைத்து ஆசாரி பற்றவைத்திருந்தார். தரையில் பட்டையைப் படுக்கவைத்து, சுற்றிலும் எருவாட்டி (வரட்டி) அடுக்கித் தீ மூட்டினார்கள். இரும்பு மங்கலாகச் சிவந்ததும் நாலு பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கினார்கள். மரம் புகைந்து தீப்பற்றியது. இரண்டு பேர் சம்மட்டியால் அடித்து இறக்க, மற்றவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே ஒவ்வொரு மூட்டும் நறநறவென்று இறுகுவது காதில் விழுந்தது. ஆசாரி பேசாமல் குனிந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும் "சரி, உருட்டுங்க" என்றார். அந்த நிமிடம் எனக்குத் தொண்டை அடைத்தது.

தையில் மாட்டுப்பொங்கல் அன்று அம்மாவைக் குலதெய்வம் கோயிலுக்கு அந்த வண்டியில்தான் அழைத்துப் போனேன். போக வர பதினாறு கிலோமீட்டர். ஒரு முனகல் இல்லை.

விற்பதிலும் தொல்லை இருந்தது. முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் முன்பணம் கொடுத்தார். பிறகு கூண்டை அறுத்துவிட்டுப் பூ அலங்காரத்துக்குக் கம்பி வளைவு வைக்கலாமா என்று கேட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்னொருவர் மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு டயர் போட்டுக் கேட்டார். அவரோடு பேச்சையே நிறுத்திக்கொண்டேன். கடைசியில் காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை விடுதியாக நடத்துகிற ஒருவர் வந்தார். நேராகப் போய்த் தகரவில்லையைத் தடவிப் பார்த்தார், சக்கரத்தைத் தட்டினார். அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம். செலவு எல்லாம் கழித்தால் இருபத்தைந்தாயிரம் மிஞ்சும்.

லாரி விஷயத்தில் ஒரு நாள் வீண். புக்கிங் ஆபீஸில் கேட்டது நீளம் எவ்வளவு என்று. நான் கூண்டின் நீளத்தைச் சொல்லிவிட்டேன். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரமும் நுகத்தடியும் கணக்கில் வரவில்லை. வந்த லாரியில் பின்கதவு மூடவில்லை, ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் போய்விட்டார். வாடகையில் பாதி அவர்களுக்கே போனது. நுகத்தடியையும் சக்கரங்களையும் கழற்றி, வைக்கோல் வைத்துக் கட்டி அனுப்புங்கள். அளவை அதற்குப் பிறகு எடுங்கள்.

நேற்று மாலை ஆசாரியிடம் நல்ல செய்தி சொல்லலாம் என்று வேட்டி துண்டோடு போனேன். வாங்கி வைத்துக்கொண்டு, "இடதுபக்கச் சக்கரத்தை இடதுபக்கமே மாட்டச் சொன்னீங்களா? மாத்திட்டா அச்சு தேயுமே" என்றார். சொல்லவில்லை. அங்கே நின்றே காரைக்குடிக்குப் போன் போட்டேன். நல்லவேளை, இன்னும் மாட்டவில்லை.