சி.எஸ்.ஆரோடு திரும்பினால் திருட்டு கணக்கில் ஏறாது

வண்டி திருடு போய் ஸ்டேஷனுக்குப் போனால் இரண்டு விதமான காகிதம் கையில் வரலாம். ஒன்று சி.எஸ்.ஆர்., மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. இன்னொன்று எஃப்.ஐ.ஆர்., வழக்கைப் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கை. இரண்டிலும் எண் இருக்கும், சீல் இருக்கும். அதனால் பலர் முதலாவதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில் ஏறுவது பதிவான வழக்குதான். சி.எஸ்.ஆரோடு நின்றுவிட்டால், அந்தக் கணக்கின்படி உங்கள் வண்டியை யாரும் திருடவில்லை.

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள், ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறுத்திய இடம், கடைசியாகப் பார்த்த நேரம், இல்லை என்று தெரிந்த நேரம் எல்லாம் இருக்கட்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்களை இணையுங்கள். பக்கத்துக் கடை கேமரா பதிவை அன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2) திருட்டுப் பிரிவு. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும்.

வண்டித் திருட்டுக் கணக்கு ஓரளவு நம்பத் தகுந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆரும், பிறகு 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற அறிக்கையும் கேட்பதால் உரிமையாளர் விடாமல் அலைவார். போனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது பாக்கெட்டிலிருந்து உருவப்பட்ட போனுக்கும் 'தவறிவிட்டது' என்று எழுதச் சொல்வார்கள். ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கும் சி.இ.ஐ.ஆர். தளத்துக்குப் புகார் நகல் இருந்தால் போதும் என்பதால் மக்களும் மறுப்பதில்லை. போன் திரும்பக் கிடைத்தாலும் கிடைக்கும், திருட்டு மட்டும் பதிவாகாது. இணையப் பண மோசடிக்கு 1930-க்குப் போன் செய்து வாங்கும் புகார் எண்ணும் எஃப்.ஐ.ஆர். அல்ல, பணத்தை முடக்குவதற்கு அது அவசரம், வழக்குக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியது 5,000 ரூபாய்க் கோடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, திருடு போன பொருளின் மதிப்பு 5,000-க்குக் கீழே இருந்தால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றமாக அது வகைப்படுகிறது; மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போவது இந்தக் கோட்டருகேதான் விழும். 'கேபிள் ஒயர் திருட்டு' என்று மொட்டையாக எழுதாமல் எத்தனை அடி, என்ன அளவு என்று எழுதி, வாங்கிய பில்லை இணையுங்கள். செம்பைப் பழைய இரும்புக்கடை விலைக்குப் போட்டால் மதிப்பு கோட்டுக்குக் கீழே போய்விடும். வரும் ஆண்டுகளில் சிறு திருட்டு குறைந்ததாகப் புள்ளிவிவரம் சொன்னால் இந்த மாற்றத்தையும் நினைவில் வையுங்கள். சங்கிலிப் பறிப்புக்கு 304 என்று புதுப் பிரிவும் வந்திருப்பதால், அதற்கு முந்தைய எண்களோடு அப்படியே ஒப்பிட முடியாது.

பெரிய குற்றத்திலும் எண்ணும் முறை ஒன்றை மறைக்கும். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்று நகையை எடுத்துப் போனால், எஃப்.ஐ.ஆரில் எத்தனை பிரிவு இருந்தாலும் மிகக் கடுமையான ஒன்றின் கீழ்தான் அந்த வழக்கு எண்ணப்படும். கொலை வழக்கு 1, இறந்தவர் 2. கொள்ளைப் பத்தியில் ஒன்றும் ஏறாது.

எல்லைக் கோடும் எண்ணை மாற்றும். துடியலூர், வடவள்ளி ஸ்டேஷன்கள் மாவட்டக் காவலிலிருந்து கோவை மாநகரக் காவலுக்கு மாறின. திருடன் இடம் மாறாமலேயே மாநகரக் கணக்கு ஏறும், மாவட்டக் கணக்கு இறங்கும். லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதம் பார்ப்பவர்கள் வகுக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். கோவைக்குக் காப்பகத்தின் பெருநகரப் பட்டியலில் பயன்படுவது 2011 கணக்கெடுப்பின் சுமார் 21 லட்சம். அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்கள் வகுக்கும் எண்ணில் இல்லை, அவர்கள் கொடுக்கும் புகார் மட்டும் மேலே சேர்கிறது.

மொத்தத் தொகையை வைத்து முடிவுக்கு வருவதுதான் மோசமான தவறு. 2019-ல் நாடு முழுக்க 51,56,158 ஆக இருந்த வழக்குகள் 2020-ல் 66,01,285 ஆயின. ஊரடங்கில் அரசு உத்தரவை மீறியதாகப் போட்ட வழக்குகள் மட்டும் 29,469-லிருந்து 6,12,179-க்குப் போயின. தமிழ்நாட்டு எண் எகிறியதும் பெரும்பாலும் இந்த வகையால்தான். அதே ஆண்டு திருட்டு குறைந்திருந்தது.

எஃப்.ஐ.ஆர். மறுக்கப்பட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி அதே மனுவை எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு, ஸ்பீட் போஸ்டில், பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை செய்ய போலீசுக்கு இடமுண்டு. 'விசாரிக்கிறோம்' என்றால் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் சி.எஸ்.ஆர். நிலைக்கும் எஃப்.ஐ.ஆர். நிலைக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. உங்கள் எண் எதில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.