தையல் மெஷினும் என் இடுப்பு வலியும்

பல வருஷமாகத் தையல்தான் என் பிழைப்பு. இடுப்பு வலியும் கூடவே இருக்கிறது. காலையில் வாஷ்பேசினில் ஒரு கையை ஊன்றாமல் குனிந்து முகம் கழுவ முடியாது.

ஸ்கேனில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்புப் பகுதி முதுகெலும்புகள் இரண்டுக்கு நடுவே மெத்தைபோல இருப்பது) பிதுங்கியிருப்பதாக வந்தபோது ரொம்பப் பயந்துவிட்டேன். வலியே இல்லாதவர்களுக்கும் வயது கூடக்கூட இப்படித் தெரிவது சகஜம் என்று பிசியோதெரபி பார்க்கும் அக்கா சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

"பெல்ட் போடு, படுத்தே கிட" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். ஆனால் 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பெல்ட்டும், முதுகெலும்பை இழுத்துவிடும் டிராக்‌ஷனும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு நன்றாகப் பலன் தருகிற பயிற்சி ஒன்று. குழந்தை தவழ்வதுபோல கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது, அதுதான் கஷ்டம். அப்புறம் மறுபக்கம். சாயங்காலம் நடை. தைக்கும்போது பாபினில் நூல் தீர்ந்தால், எழுந்து நின்றுதான் அடுத்ததைப் போடுவேன்.

வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் கல்யாண சீசனிலும் வேலை நிற்கவில்லை.

ஒன்று மட்டும்: கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ பயிற்சியெல்லாம் பார்க்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.