அம்மாவின் மாதா படத்தோடு நைசியாவுக்கு

அம்மா சாகும் முன் என்னிடம் வாங்கிய வாக்கு இது: "என்னால முடியாது. நீயாவது நைசியாவுக்குப் போய் நன்றி சொல்லிட்டு வா." மாதா படத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுவதை விக்கிரக ஆராதனை என்று அக்கம்பக்கத்தார் சொல்லச் சொல்ல, ஆயுசு முழுக்க மனம் நொந்தவர். 787-இல் நைசியாவில் கூடிய ஏழாம் பொதுச்சங்கம்தான், அதாவது திருச்சபை ஆயர்களின் பெருங்கூட்டம்தான், திருவுருவ வணக்கத்தைக் காப்பாற்றியது என்று ஒரு மறையுரையில் கேட்டதிலிருந்து அந்த ஊர்மேல் அவருக்கு அப்படி ஒரு ஆசை.

நைசியா இன்று துருக்கியின் இஸ்னிக். இஸ்தான்புல்லிலிருந்து யாலோவாவுக்குப் படகு. இறங்கியதும் பஸ்ஸே கிடையாது என்று அடித்துச் சொல்லி, பையைப் பிடித்து இழுத்து டாக்சியில் ஏற்றப் பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி மினிபஸ் நின்றுகொண்டிருந்தது! கசந்த மனது இஸ்னிக் ஏரியைப் பார்த்தபிறகுதான் ஆறியது.

ஊர் நடுவில் ஹாகியா சோபியா என்ற பழைய தேவாலயம். இப்போது மசூதி. செல்ஃபி கூட்டம் கலையும்வரை காத்திருந்தேன். பக்கச் சுவர் மாடத்தில் பழைய ஓவியம்: நடுவில் இயேசு, இருபுறமும் மாதாவும் ஸ்நாபக அருளப்பரும். வண்ணம் உதிர்ந்துவிட்டது. பையிலிருந்த அம்மாவின் படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாதாவே, உமக்குக் கோடி நன்றி.

இதே விஷயத்துக்காக 786-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) முதலில் கூடிய சங்கத்தை, திருவுருவங்களை எதிர்த்த படைவீரர்கள் புகுந்து கலைத்தார்கள். பைசாந்தியப் பேரரசி ஐரீனும் அந்நகரத் திருச்சபையின் தலைவரான மறைமுதுவர் தராசியுசும் விடவில்லை. மறுவருடம் செப்டம்பரில் இங்கே கூட்டினார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே. படத்துக்குச் செய்யும் வணக்கம் படத்தில் இருப்பவரையே போய்ச் சேரும் என்று முடிவானது. அம்மா தன் பாணியில் எப்போதும் சொன்னதும் இதுதான்.

அதோடு 22 திருச்சட்டங்களும் இயற்றினார்கள். காசுக்குக் குருப்பட்டம் கொடுப்பதைக் கண்டிக்கும் சட்டம் உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது: விவிலியத்தின் திருப்பாடல்களை முழுக்க அறிந்தவரைத்தான் ஆயராக்க வேண்டும். பள்ளிக்கூடமே போகாத அம்மாவுக்கு இருபது திருப்பாடல்கள் மனப்பாடம். பீடமிருந்த பக்கம் குருக்களுக்கான அரைவட்டக் கல்படிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபடி, அவர் சொல்லிக்கொடுத்த 23-ஆம் திருப்பாடலை வாய்க்குள் சொன்னேன். பாதியில் தொண்டை அடைத்தது. அப்புறம் பாங்கு ஒலித்தது, தொழ வந்தவர்களுக்கு வழி விட்டு வெளியே வந்தேன்.

கொண்டுபோன மெழுகுதிரியை அங்கே ஏற்ற வழியில்லை. வீடு திரும்பிய இரவே மாதா படத்தைப் பழைய ஆணியில் மாட்டி, அதன் முன் ஏற்றினேன்.